ஒரே இழுப்பு

கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் நனைத்துவிட்டு, அறுக்கப்போகும் கண்ணாடித் தகட்டின் மேல் இடது உள்ளங்கையை வைக்கிறார் கண்ணாடிக்கடை அக்கா. “ஆண்டவரே, இதோ நான், இதோ கண்ணாடி.” அவ்வளவுதான் ஜெபம். பிறகு ஸ்கேலை ஒட்டி ஒரு கோடு. அதை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தித் தொடர்ந்தால் தகடு தன் இஷ்டத்துக்குப் பிளந்துகொள்ளும். ஆகவே கோடு முடியும்வரை யார் அழைத்தாலும் அவருக்குக் காது கேட்காது.

கடைத்தெருவில் அவருக்கு ‘இப்போக்கா’ என்று பெயர். ஜன்னலுக்கு அளவு கொடுக்க வந்தவர், “சாயங்காலம் மழை வந்துட்டா இதை எப்படி எடுத்துட்டுப் போறது?” என்று கவலைப்பட்டால், “மழை வர்றப்ப மழையைப் பாப்போம். இப்போ அளவைச் சரியாச் சொல்லுங்க” என்பார். தேநீர் குடிக்கும்போது தேநீர் மட்டும்தான். அந்நேரம் வியாபாரம் பேச வருபவருக்கு முகம் கொடுக்கமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதகர் பரலோகத்தின் மகிமையை விவரித்துக்கொண்டிருக்கையில், சட்டென்று எழுந்து முன்வரிசைக்குப் போய் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் போதகர் காரணம் கேட்டார். “பரலோகம் எங்கயும் போயிடாது, ஐயா. அந்தப் பொண்ணு இப்போ அழுதுட்டிருந்துச்சு.”

இது பிறவிக் குணம் அன்று. கணவர் இறந்த ஆண்டில், நேற்று ஒரு கையையும் நாளை மறு கையையும் பிடித்து இழுக்க, ஒரே காலையில் வரிசையாகத் தகடுகளைப் பாழாக்கினார். சில்லுகளைக் கூட்டி அள்ளுகையில்தான் அவருக்கு ஒன்று பிடிபட்டது: கடவுள் தன்னைச் சந்திப்பதானால் இந்த மேசையில், இந்த நிமிடத்தில்தான் சந்திக்க முடியும், அவர் நேற்றைக்கோ நாளைக்கோ போய்க் கதவைத் தட்டினால், திறக்கத் தான் அங்கே இருக்கப்போவதில்லை. அன்று தொடங்கிய பயிற்சியைப் பிடிவாதமாகவே செய்துவருகிறார். மனம் நழுவி ஓடும். காதைப் பிடித்துத் திருகி மேசைக்கு இழுத்து வருவார்.

அந்தப் பயிற்சியிலும் ஓர் ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர், மேசையின் மறுமுனையில் நின்று ஸ்கேலை அழுத்திப் பிடிக்கும் நாத்தனார். சில மாதங்களாக இப்போக்காவின் வலது கை அவ்வப்போது நடுங்குகிறது.

“எப்போ அண்ணி டாக்டர்கிட்ட போறது?”

“இப்போ நடுங்கலையே. பாரு, நேரா இருக்கு.”

“காலையில டம்ளர் ஆடுச்சே?”

“அது காலையில.”

“நல்ல நியாயம். நடுங்குறப்ப டீ குடிக்கிறீங்க, நடுங்காதப்ப கண்ணாடி அறுக்குறீங்க. டாக்டருக்குன்னு ஒரு ‘இப்போ’ ஆண்டவர் படைக்கவே இல்லையா?”

இப்போக்கா சிரித்து மழுப்பினார். நாத்தனார் சிரிக்கவில்லை. “ஸ்கேலைப் பிடிச்சிருக்கிறது என் விரலு, அண்ணி.”

மறுநாள் ஒரு பெரிய தகடு. ஜெபம் முடிந்தது, கோடு சீராகப் பாதிவரை வந்தது. அங்கே கை உதறியது. சக்கரம் ஸ்கேலின் மேல் தாவி ஏறி, நாத்தனாரின் சுண்டுவிரலை உரசினாற்போல் வந்து நின்றது. இரத்தம் இல்லை. இருவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

‘சரி, முடிஞ்சது முடிஞ்சுபோச்சு, அடுத்ததை எடு’ என்ற வழக்கமான வாக்கியம் இப்போக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ பேருக்கு அவர் சொல்லித் தேற்றிய வாக்கியம்தான். இன்று அதை விழுங்கினார். கட்டரைக் கீழே வைத்தார். கண்ணாடியின் மேல் வைக்கும் இடது உள்ளங்கையை, ஆடிக்கொண்டிருந்த வலது கையின் மேல் வைத்தார்.

“ஆண்டவரே, இதோ நான், இதோ கை.”

பிறகு நாத்தனாரிடம், “டாக்டருக்குப் போன் போடு” என்றார்.

“நாளைக்குக் காலையில வரச் சொல்றாங்க, அண்ணி.”

“வர்றேன்னு சொல்லு.”

அடுத்த தகடு மேசைக்கு ஏறியது. இப்போக்கா கட்டரை எடுத்து நாத்தனாரின் கையில் திணித்தார்.

“நானா? நான் இழுத்துப் பழகினதெல்லாம் துண்டுக் கண்ணாடியிலதானே, அண்ணி.”

“கோடு உனக்கும் வரும். நடுவுல மட்டும் நிறுத்தாதே.”

மேசையைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்கு வந்தார். நாத்தனாரின் விரல்கள் இருந்த இடத்தில் தன் வலது கையை விரித்து வைத்து, அதன் மேல் இடது கையை வைத்து, ஸ்கேலை அழுத்தினார்.