கடைசி டிராக்கில் தட்டும் சத்தம்

நம்பாதவர்கள் பாலக்கரைக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். அந்த மாடி அறைகள் இரண்டும் இன்னும் பூட்டித்தான் கிடக்கின்றன. இது நள்ளிரவில் நடந்ததில்லை. போன ஆடியில், பட்டப்பகலில், கீழே தெருவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தபோதே நடந்தது.

சித்தார்த்தனுக்கு இருபத்தாறு வயது. துவாக்குடியில் ஒரு பட்டறையில் இரவு ஷிப்ட். பகலில் அந்த மாடி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இசை செய்வான். அடிவயிறு அதிரும் பேஸ், கண்ணாடி நொறுங்குவதுபோல ஹை-ஹாட் தாளம், பின்னால் புகையாகப் பரவும் ஒலி. இந்த வகை இசையை ட்ராப் என்பார்கள். முகம் காட்டாமல் ‘கீழ்த்தளம்’ என்ற பெயரில் இணையத்தில் போடுவான். மூன்று வருடத்தில் கேட்டவர்கள் முந்நூறு பேர் தேறமாட்டார்கள். இந்த முறை ஒன்பது டிராக் கொண்ட ஒரு தொகுப்பு, மிக்ஸ்டேப். இதுவும் எடுபடாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று இருந்தான்.

பக்கத்து அறையில் லூர்து. பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். பேஸ் கொஞ்சம் ஏறினாலும் சுவரில் தட்டுவார். டொக். டொக். டொக். வீட்டுக்காரம்மா அனுசுயாவிடம் இரண்டு முறை போய்ச் சொல்லியும்விட்டார். இன்னொரு புகார் வந்தால் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்று அந்த அம்மாள் கறாராகச் சொன்னாள். சித்தார்த்தன் வயிறெரிந்து ஒரு ஹெட்போன் வாங்கினான்.

திங்கட்கிழமை மாடிப்படியில் லூர்து நிறுத்தினார்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. அந்தச் சத்தத்துக்கு நெஞ்சு படபடன்னு வருது. அதான்...”

“ஹெட்போன் வாங்கிட்டேன் சார். இனிமே உங்களுக்கு என் சத்தம் கேக்காது. எனக்கும் உங்க சத்தம் கேக்காது.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவன் நிற்கவில்லை.

செவ்வாய் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை ஹெட்போனை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு இரண்டு டிராக் முடித்தான். புதன்கிழமையும் அப்படியே. ஒரு தட்டல் இல்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தான்.

வியாழன் காலை 7.15. ஷிப்ட் முடிந்து வந்தபோது லூர்து வாசலில் இரண்டு பால் பாக்கெட் கிடந்தன. ஒன்று உப்பிப்போயிருந்தது. தாண்டிக்கொண்டு போய்ப் படுத்தான்.

மதியம் 2.47. கடைசி டிராக்கில் உட்கார்ந்திருந்தான்.

டொக். டொக். டொக்.

ஹெட்போனைக் கழற்றினான். ஃபேன் சத்தம் மட்டும். பிறகு மறுபடியும் தட்டல்.

“ஹெட்போன்லதான் சார் கேக்குறேன். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?” என்றான் சுவரைப் பார்த்து.

நின்றது. ஹெட்போனை மாட்டிப் பாட்டை ஓடவிட்டான். மறுபடி தொடங்கியது. எப்போதும் தலை உயரத்தில் தட்டுகிறவர், இன்று தரையோரத்தில் தட்டினார்.

அவனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மைக்கை எடுத்துச் சுவரின் அடியில் வைத்தான். 2.55-க்குப் பதிவைத் தொடங்கினான். இரண்டு நிமிடம் பதினோரு விநாடி. ‘உன் கையாலேயே எனக்குத் தாளம் போடு’ என்று கறுவியபடி அதைக் கடைசி டிராக்கில் சேர்த்தான். எங்கேயும் இழுத்துப் பிடித்துப் பொருத்த வேண்டியிருக்கவில்லை. டிராக்கின் வேகம் நிமிடத்துக்கு எழுபது தாள அடி. தட்டலும் எழுபது.

ஹெட்போனுக்குள் ஓடிய வேகம் அந்தப் பக்கம் எப்படித் தெரிந்தது? அவன் யோசிக்கவில்லை. 3.40-க்கு மிக்ஸ்டேப்பை இணையத்தில் ஏற்றினான். ஏற்றியதைக் கேட்டுப் பார்த்தான்.

சுவரும் கூடவே தட்டியது.

பாட்டை நிறுத்தினான். தட்டலும் நின்றது.

ஓடவிட்டான்... டொக். டொக். டொக்.

நிறுத்தினான். நின்றது.

ஹெட்போனைத் தவிர வேறெங்கும் சத்தம் போகவில்லை.

மூன்றாவது முறை அவன் ஓடவிடவில்லை.

டொக்.

சுவரின் இந்தப் பக்கம்.

கட்டிலுக்கு அடியில்...

செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடி, பக்கத்து அறையைப் பார்க்கச் சொல்லி எதிர்க்கடையில் கத்தினான். ஆட்கள் வந்து லூர்துவின் கதவை உடைத்தபோது மணி 4.20. சித்தார்த்தன் மேலே ஏறவில்லை. எதிர்க்கடை ஓரமாகவே நின்றான். மாரடைப்பு, சுவரோரம் விழுந்து கிடக்கிறார் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சத்தம் ஏதும் கேட்டதா என்று போலீஸ் கேட்டதற்கு இல்லை என்றான். அன்றே துவாக்குடியில் நண்பன் ஆரிஃபின் அறைக்குப் போய்விட்டான்.

உதவி கேட்டுத் தட்டியவரைப் பாட்டில் சேர்த்துவிட்டோம் என்பது அவனைத் தின்றது. அந்த மிக்ஸ்டேப்போ பற்றிக்கொண்டது. நான்கே நாளில் நாற்பதாயிரம் பேர். ‘அந்தத் தட்டுற சத்தம் வேற லெவல்’ என்று எழுதினார்கள். ஐந்தாம் நாள் நீக்கினான். அதற்குள் ஊரெல்லாம் செல்போனில் பரவிவிட்டது.

பதினோராம் நாள் சாமான்களை எடுக்க ஆரிஃபைக் கூட்டிக்கொண்டு வந்தான். லூர்துவின் மகள் செலின் ஓசூரிலிருந்து வந்து, அப்பாவின் அறையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

“பக்கத்து ரூம்ல இருந்தது நீங்கதானே? உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையாங்க?”

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

“உயிர் உடனே போகலைன்னு டாக்டர் சொன்னாருங்க. வலது கை விரலெல்லாம் தோல் உரிஞ்சிருந்துச்சு. ஒரு மணி நேரமாவது தட்டியிருப்பாராம்.”

“வியாழக்கிழமை நான்...” என்று ஆரம்பித்தான்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

“வியாழக்கிழமை இல்லைங்க. அன்னிக்கு உடம்பை எடுத்ததுதான். செவ்வாக்கெழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கெல்லாம் அப்பா போயிட்டாரு.”