நானும் சில நாள் கம்பனியாக இருந்தேன்

எங்கள் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. இன்று காலை ஈமெயிலில் ஒரு கேள்வி வந்தது. குழாயைத் திருத்திய விதம் திருப்தியா, ஐந்தில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? திருத்த இன்னும் ஆளே வரவில்லை. நான் மூன்று நட்சத்திரம் கொடுத்தேன். எழுதாத விடைத்தாளுக்கும் ஏதாவது போட்டுப் பழகிய வாத்தியார் கை அதற்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது.

புலம்பெயர்ந்து வந்து ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் இந்தக் கட்டடத்துக்கு முன்பு ஒரு முகம் இருந்தது. நிக்கோ என்ற கிரேக்கக் கிழவர்தான் சொந்தக்காரர், கீழ்த்தளத்திலேயே குடியிருந்தார். கருவாடு பொரித்தால் கதவைத் தட்டி, "உள்ளே யாராவது செத்துவிட்டார்களா?" என்று கேட்பார். குழாய் சொட்டினால் குறட்டோடு வந்து, முன்னையிலும் மோசமாகச் சொட்டும்படி திருத்தி, என் மனைவி திரேசா கொடுக்கும் தேநீரைக் குடித்து, எங்கள் சோபா இருக்கும் இடம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் இறந்ததும் பிள்ளைகள் கட்டடத்தை ஒரு பெரிய கம்பனிக்கு விற்றார்கள். அன்றுதொட்டு நாங்கள் 'மதிப்புக்குரிய வதிவாளர்'. கருவாட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பெரிய விடுதலை என்று நினைத்தேன். வாடகை ஏறியபோதுதான் சண்டை பிடிக்கக்கூட ஆளில்லை என்பது விளங்கியது.

எங்கள் ஊரான மன்னாரில் பெருநாளுக்கு வீட்டுக்காரருக்குப் பலகாரத் தட்டுப் போகும். கிறிஸ்து பிறந்த நத்தாரோ பொங்கலோ நோன்புப் பெருநாளோ, யாருடைய பெருநாளானாலும் தட்டுப் போகும், வெறுமையாகத் திரும்பாது. வாடகை கூட்டும் எண்ணம் இருந்தாலும், கேக் தின்ற வாயால் அதை உடனே சொல்ல முடியாமல் வீட்டுக்காரர் தை மாதம் கழியும்வரை திண்டாடுவார். இதை நம்பி, போன நத்தாருக்குத் திரேசா செய்த கேக்கைத் தட்டில் வைத்து மூடிக்கொண்டு கம்பனியின் கந்தோருக்குப் போனேன்.

"வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும்" என்றேன். முன்மேசையில் இருந்த பெண், "என்ன முறைப்பாடு?" என்றாள். "முறைப்பாடு இல்லை, கேக்." அவள் தட்டைப் பார்த்துவிட்டு, கேக்கில் என்ன கோளாறு, எங்கள் கட்டடத்தில் வாங்கியதா என்று கேட்டாள். விளங்கப்படுத்தினேன். ஊழியர் அன்பளிப்பு வாங்கக்கூடாதாம். அப்படியென்றால் சொந்தக்காரரிடமே கொடுக்கிறேன், அவர் யார் என்றேன். கணினியைத் தட்டிப் பார்த்தாள். முதலீட்டாளர்கள், ஓய்வூதிய நிதிகள், இன்னும் சில நிதிகள். "அப்படி ஓர் ஆள் இல்லை, சேர்" என்றாள், ஆறுதல் சொல்வதுபோல. கேக்கை நானும் திரேசாவும் பொங்கல் வரைக்கும் தின்றோம்.

அந்தக் கம்பனியைத் திட்டாத நாளில்லை. ஆனால் நானும் ஒரு வீட்டுக்காரன். மன்னார்ப் பட்டினத்தில் எனக்கு ஒரு வீடு உண்டு. அதில் தவமணி குடியிருக்கிறாள். உயிலங்குளத்துப் பிள்ளை, ஆசுபத்திரியில் தாதி. வயல் பார்க்கும் கணவன் வார முடிவில் வந்துபோவான். மகள் சுகன்யா இந்த வருடம் பல்கலைக்கழகம் புகுவதற்கான ஏ.எல். பரீட்சை எழுதுகிறாள், பள்ளிக்கூடம் நடந்துபோகும் தூரம். ஊருக்குப் போனால் நான் சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குள் நுழைவேன். முருங்கையை ஏன் இப்படி வெட்டினாய் என்பேன். "மரம் உங்கட, அதில ஊருற மசுக்குட்டி எங்கடயோ மாஸ்ரர்?" என்று அவள் பாய்வாள். பிறகு சோறு போடுவாள்.

மாசியில் திரேசாவின் தம்பி சூசை போன் எடுத்தான். "அத்தான், மன்னார்த் தீவில வேலைக்கு வந்த கம்பனி ஒண்டு முழு வீட்டையும் கேக்குது. ஆக்களைத் தங்க வைக்கவாம். முற்பணம் ஒரேயடியா. கண்ணை மூடிக்கொண்டு ஓம் எண்டுங்கோ."

கண்ணை மூடினேன். ஓம் என்றேன். தவமணியிடம் அதை வாயால் சொல்ல மட்டும் துணிவு வரவில்லை. எங்கள் கம்பனி எனக்கு அனுப்பிய வாடகைக் கடிதத்தை எடுத்து முன்னால் வைத்து, அதே அச்சில் ஒரு கடிதம் தயாரித்தேன். 'மதிப்புக்குரிய வதிவாளருக்கு' என்று தொடங்கி, 'தங்கள் புரிந்துணர்வுக்கு நன்றி' என்று முடித்து, வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் புட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"மாஸ்ரர், பதறாதையுங்கோ. உங்கட வட்ஸ்அப்பை ஆரோ களவெடுத்திட்டாங்கள்."

"என்ன பிள்ளை?"

"உங்கட பேரில எனக்கொரு கடிதம். வீட்டை விட்டு எழும்பட்டாம். நான் வதிவாளராம்! நீங்கள் என்னைப் பிள்ளை எண்டெல்லோ கூப்பிடுறனீங்கள். ஆனா படிச்ச கள்ளன், மாஸ்ரர். ஒரு எழுத்துப் பிழை இல்லை."

அந்தப் பாராட்டில் ஒரு கணம் மகிழ்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு, "ஓம் பிள்ளை, கள்ளர்தான்" என்றேன்.

போனை வைத்ததும் திரேசா, "அந்தக் கள்ளன் இஞ்ச இருந்து புட்டுத் தின்னுறான் எண்டும் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

தவமணி அயலுக்குச் சொன்னாள், அயல் கோயிலுக்குச் சொன்னது. ஞாயிறு பூசை முடிவில் பங்குச் சுவாமி, மாஸ்ரரின் பெயரில் வரும் எதையும் நம்ப வேண்டாம் என்று அறிவித்தார். என் பழைய மாணவர்கள் வரிசையாக என் நம்பரைத் தடுத்தார்கள். சூசை பதறிப்போய் அழைத்தான். "அத்தான், கம்பனிக்காரரும் பயந்திட்டாங்கள். நீங்கள்தான் உண்மையான சொந்தக்காரர் எண்டு ஆராவது உறுதிப்படுத்த வேணுமாம். நான் அவையளோட தவமணி வீட்டை போறன். அவள் உங்களை வீடியோவில பாத்துச் சொன்னாக் காணும்."

தன்னை வீட்டை விட்டு எழுப்பும் கம்பனிக்கு அவளே சாட்சி. அவளுக்கு அது தெரியாது. அதை நானும் தடுக்கவில்லை.

மறுநாள் வீடியோவில் அவள் முகம் வந்தது. பின்னால் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு கம்பனித் தம்பி, பக்கத்தில் சூசை. "இவர்தான் எங்கட மாஸ்ரர். நல்லாப் பாருங்கோ, இந்த மூக்கு வேற ஆருக்கும் இல்லை" என்றாள். பிறகு என்னிடம், "பயப்பிடாதையுங்கோ, நாங்கள் இருக்கிறம்" என்றாள்.

அதற்கு மேல் முடியவில்லை. "அந்தக் கடிதமும் நான்தான் பிள்ளை எழுதினது" என்றேன். இவர்களுக்கு வீடு கொடுப்பதற்காக எழுதியது, இப்போது கொடுப்பதாக இல்லை என்றும் சொன்னேன். சூசை நெற்றியில் கை வைத்தான்.

தவமணி போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "வாயால சொல்லியிருந்தா நான் ஏசியிருப்பன். நீங்களும் ஏசியிருப்பியள். கடிதத்தோட ஆர் மாஸ்ரர் சண்டை பிடிக்கிறது?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தம்பியிடம், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள்.

என்னை அவ்வளவு லேசாக விடவில்லை. வெளிநாடு போகிறவர்கள் வீட்டை வாடகைக்கு விடும்போது ஓர் அறையில் தங்கள் சாமான்களை வைத்துப் பூட்டிக்கொண்டு போவது எங்கள் ஊர் வழக்கம். நானும் ஒன்றைப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன். "சுகன்யா குசினியில அடுப்புக்குப் பக்கத்தில இருந்து படிக்கிறாள். அந்த அறையைத் தாங்கோ" என்றாள். பூட்டின் திறப்பு என்னோடு ஸ்காபரோவில். பூட்டை உடைக்கச் சொன்னேன். சூசைதான், முணுமுணுத்தபடி, உடைத்தான்.

சுகன்யா போனோடு உள்ளே போனாள், அங்கே என் அலுமாரி இருந்தது. திறந்தார்கள். என் கலியாணக் கோட்டு தொங்கியது. "இதை என்ன செய்யிறது, மாமா?" என்று சுகன்யா கேட்டாள். "ஒரு பக்கமாத் தள்ளிவிடு, மோளே" என்றேன். போனை அலுமாரியின் உள்தட்டில் சாய்த்து வைத்துவிட்டு, மற்றப் பக்கத்தில் தன் வெள்ளைச் சீருடைகளைத் தொங்கவிட்டாள். யாரோ வெளியே கூப்பிட, போனை மறந்து அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

திரை இருண்டது. என் அலுமாரிக்குள் நான். வெளியே கதிரை இழுபடும் சத்தம், சூசைக்கு விழும் ஏச்சு, தட்டுகள் வைக்கும் ஓசை. இங்கே திரேசா சாப்பிடக் கூப்பிட்டாள். போனைக் காதோடு வைத்தபடி, வாறன் என்று சைகை காட்டினேன்.