பூவுக்கு மட்டும் ஐஸ்

வடமதுரைக்கு மேற்கே மல்லிகைத் தோட்டம் வச்சிருக்கிற செல்லக்கிளிக்கு ஊருக்குள்ள ஒரு பேரு உண்டு, "வலி தாங்குறவ"ன்னு. யாரு வச்ச பேருன்னு கேட்டா, அவளே வச்சுக்கிட்டதுதான். மக கீர்த்தனாவைப் பெத்தப்ப ஒரு பகல் முழுக்க வலி எடுத்தும் வாயைத் தெறக்கலையாம். இருபத்தஞ்சு வருசமாச் சொல்லிச் சொல்லி அந்த ஒரு பகல் இப்ப மூணு நாளாயிருச்சு. இன்னுங் கொஞ்ச வருசம் போனா ஒரு வாரம் வலி எடுத்தும் சிரிச்சுக்கிட்டே பெத்தேன்னு சொன்னாலும் சொல்லுவா. எந்த வீட்டுல பிள்ளை பிறந்தாலும் மொத ஆளாப் போய் நிப்பா. பெத்தவ லேசா முனகுனாப் போதும், "இம்புட்டு வலியைத் தாங்கலைன்னா நீயெல்லாம் என்னடி பொம்பளை?"ன்னு ஒரு போடு போட்டுட்டு, குடுக்கிற காப்பியைக் குடிச்சுட்டு வருவா.

அவளுக்கு முதுகு பிடிச்சா மட்டும் வேற நியாயம். தைலம், வெந்நீர்ப் பை, இடுப்புக்குப் பெல்ட்டு, புருசன் பொன்னுச்சாமி கையால ஒத்தடம்னு வீடே ரெண்டு பட்டுரும்.

போன சித்திரையில மக கீர்த்தனாவுக்குத் திண்டுக்கல்ல ஆம்பளப் பிள்ளை பிறந்துச்சு. சுகப்பிரசவம். அதுக்கு அந்தப் பேரை வச்சவன் சத்தியமா ஒரு ஆம்பளையாத்தான் இருக்கணும். கீழே தையல் போட்டு, மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாக. வாசல்ல ஆரத்தி எடுத்த கையோட செல்லக்கிளி சட்டத்தைப் போட்டுட்டா. ஃபேன் கூடாது, காதுல துணி கட்டணும், தண்ணி ரெண்டு டம்ளருக்கு மேல கேக்கப்படாது. படுத்துக்கிட்டுப் பால் குடுத்தா பிள்ளை காதுக்குள்ள பால் போயிரும், அதனால மர முக்காலியில நிமிந்து உக்காந்துதான் குடுக்கணும்.

தையல் போட்ட ஒடம்பு மர முக்காலியில எப்புடி உக்காரும்? கீர்த்தனா பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காருவா, பிள்ளை நாலு மடக்குக் குடிக்கும், அதுக்குள்ள இவளுக்குக் கண்ணு இருட்டும், பிள்ளையைப் பிடுங்கிட்டு எந்திரிச்சுருவா. பிள்ளை வீல்வீல்னு கத்தும். "பால் பத்தலை"ன்னு செல்லக்கிளி தீர்ப்புச் சொல்லிட்டு, பூண்டையும் சுறாப் புட்டையும் மக வாயில திணிச்சா.

மறுநாள் மத்தியானம் கிராமத்து நர்ஸ் லிடியா ஸ்கூட்டியில வந்து எறங்குனா. பிள்ளையைத் தூக்கி எடை போட்டா. மொகம் மாறிருச்சு.

"நேத்துலருந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான்?"

"ரெண்டு தடவை. பால் பத்தலை நர்சம்மா"ன்னா செல்லக்கிளி.

"எடை ரொம்ப எறங்கியிருக்குக்கா. நாளைக்குள்ள நல்லாக் குடிக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்." கீர்த்தனாவைத் தொட்டுப் பார்த்தா. "பால் கட்டிக்கிட்டுக் கல்லாட்டம் இருக்கு. பால் பத்தலையாம்ல! ஒங்க மகளால உக்கார முடியலை, அம்புட்டுத்தான். ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டுக் குடுக்கட்டும், முழங்காலுக்கு நடுவுல ஒரு தலகாணி வைங்க. ஐஸைச் சுத்தமான துணியில சுத்தித் தையல் பக்கம் பத்து நிமிசம் வைங்க, வீக்கம் வடியும். வலி கொறஞ்சா அவளே பால் குடுப்பா."

"ஐஸா!" செல்லக்கிளி நெஞ்சுல கை வச்சுட்டா. "பச்ச ஒடம்பு நர்சம்மா! ஜன்னி கண்டுராதா? நாங்கள்லாம் பெக்கலையா, தாங்கலையா?"

அந்த நேரம் பார்த்து வாசல் கொட்டகையில பொன்னுச்சாமி தெர்மாகோல் பெட்டிக்குள்ள மல்லிகை மொட்டை அடுக்கிக்கிட்டு இருந்தாரு. மொட்டுக்கு நடுநடுவே ஐஸ் பாக்கெட்டு. உள்ள பேசுனது காதுல விழுந்துருச்சு.

"ஏத்தா, ஐஸ்ல கை வச்சுராதீக! குளுமை கொறைஞ்சா விரிஞ்சுரும், மொட்டு தாங்காது!"

லிடியா எட்டிப் பெட்டியைப் பார்த்தா. பொன்னுச்சாமியைப் பார்த்தா. "மொட்டு தாங்காது. மக தாங்குவா, அப்புடித்தானேண்ணே?"

பொன்னுச்சாமி கையிலருந்த ஐஸ் பாக்கெட்டைப் புரட்டிக்கிட்டு இருந்தாரு. செல்லக்கிளி அசையலை. சட்டம்னா சட்டம்.

கீர்த்தனா அப்பத்தான் வாயைத் தெறந்தா. "அம்மா, நீ தாங்குன, சரி. என்னால ஏலலைம்மா. இவன் பசிச்சு அழுதா எங்குட்டாச்சும் ஓடிரலாம்னு தோணுது. பெத்த பிள்ளையைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கும்மா."

செல்லக்கிளி முந்தானையை இழுத்துச் செருகுனா. பெறகு விறுவிறுன்னு கொட்டகைக்குப் போனா, பெட்டிக்குள்ள கையை விட்டு ரெண்டு பாக்கெட்டை உருவுனா. "ஏ புள்ள, பூவு..."ன்னு இழுத்த பொன்னுச்சாமியை, "விரிஞ்சா விரியட்டும் போ! ஒம் பூவுல இடி விழ!"ன்னு ஒரு அதட்டுல உக்கார வச்சுட்டா.

பத்து நிமிசம் ஐஸ் வச்சுட்டு, மகளை ஒருக்களிச்சுப் படுக்க வச்சா. தலகாணியையும் அவளே வச்சா. லிடியா பிள்ளையைப் பக்கத்துல அணைச்சுப் படுக்கப் போட்டா. பிள்ளை கவ்வுச்சு, விடலை. கால் மணி நேரம் மடக்கு மடக்குன்னு குடிச்சுச்சு. நாளைக்கு மறுபடி வந்து எடை பாக்குறேன்னு சொல்லிட்டு லிடியா கிளம்பிட்டா.

கீர்த்தனா கண்ணை மூடிக்கிட்டே கேட்டா, "இந்த வலியை நீ எப்புடிம்மா தாங்குன?"

"எங்குட்டுத் தாங்குனேன்? ஒன்னையப் பெத்த புதுசுல ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போறேன்னு சொல்லிட்டு பம்புசெட்டுத் தொட்டிக்குள்ள போய் உக்காந்துக்குவேன். தண்ணி சில்லுனு படுறப்பத்தான் உசுரு வரும். மோட்டார் சத்தத்துல அழுதா யாருக்கும் கேக்காது."

கீர்த்தனா கண்ணைத் தெறந்தா. "அப்பறம் ஏம்மா என்னைய அந்த முக்காலியில உக்கார வச்ச?"

செல்லக்கிளி பிள்ளையோட காலைத் தடவிக்கிட்டே இருந்தா.

"எனக்கு யாருமே ஐஸ் வைக்கலையேடி. ஒனக்கு மட்டும் என்னத்துக்குன்னு இருந்துட்டேன்."