மெர்சி போட்ட முழங்கால்

போன ஞாயிறு எங்கள் சர்ச்சில் திருவிருந்து. பீடத்தின் முன்னால் எல்லோரும் வரிசையாக முழங்கால் போட்டிருக்க, என் மனைவி மெர்சி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

காரணம் உண்டு. போன வருஷம்தான் குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் அவளுக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். நடக்கலாம், மாடி ஏறலாம்... முட்டி மட்டும் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

தோள்மூட்டு தாராளமானது, கையை எந்தப் பக்கமும் சுழல விடும். முழங்கால் பாவம், கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், அவ்வளவுதான். மொத்த உடம்பையும் சுமப்பது அதுதான். காலமெல்லாம் வகுப்பில் நின்றே பாடம் நடத்திய மெர்சி டீச்சருக்கு அது தேயாமல் என்ன செய்யும்?

இதெல்லாம் சர்ச் கமிட்டிக்காரர் ஜெயசீலனுக்கு எதற்கு? வரிசையைச் சரிசெய்துகொண்டே வந்தவர் அவள் காதருகே குனிந்தார்.

"சிஸ்டர், ஆண்டவருக்காக ஒரு நிமிஷம் முழங்கால் போடக் கூடாதா?"

வரிசையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. எங்கள் சபையில் தேய்மானமே இல்லாத மூட்டு ஒன்று உண்டென்றால், அது கழுத்துதான்!

மெர்சி பீடத்தின் முன்னால் இருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டாள். அப்பமும் திராட்சை ரசமும் வாங்கினாள். அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார்கள். வாசலில் ஜெயசீலன் என் கையைக் குலுக்கி, விசுவாசம் இருந்தால் எல்லாம் முடிகிறது பாருங்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் முட்டி வீங்கிக் கிடக்கிறது. முடியாது என்று சொல்ல வாயில்லையா என்று கத்தினேன். ஐஸ் பையை அழுத்திப் பிடித்தபடி அவள் மெதுவாகச் சொன்னாள்:

"ரசக் கிண்ணம் என்னைத் தாண்டிப் போயிடுமோன்னு பயமா இருந்துச்சுங்க."

அடுத்தவர் காலை மடக்கச் சொல்ல நமக்கு எவ்வளவு சுலபமாக வாய் வருகிறது!

நேற்று சாயங்காலம் ஜெயசீலன் சேலையூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார், நலம் விசாரிக்க. கிளம்பும்போது ஜெபம் பண்ணலாமா என்றார். நான் வேண்டுமென்றேதான் தரையில் பாயை விரித்தேன்.

அவர் அசையவில்லை.

"நான் சேர்லயே உட்காந்துக்கிறேன் பிரதர். டிஸ்க் ப்ராப்ளம்... ஆண்டவருக்குத் தெரியும்."

அவருடைய டிஸ்க் ஆண்டவருக்குத் தெரியுமாம். மெர்சியின் முட்டி மட்டும் தெரியாதாக்கும்?