கயிறு இல்லாத கட்டுமரம்

செங்கல்பட்டில் என் கயிற்றுக்கடையின் தகரக் கூரையைப் புயல் பிய்த்துக்கொண்டு போனபோது எனக்குப் பெரிதாக வருத்தம் வரவில்லை. கூரை போனால் போகட்டும், வேறு போட்டுக்கொள்ளலாம். கடலோரத்தில் பச்சையம்மாவும் கன்னியப்பனும் என்ன ஆனார்களோ என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் கண் கலங்குகிறது. ஆனால் நான் அழுவதற்காக இதை எழுதவில்லை, சகோதரர்களே. என்னைப் படைத்த ரப்பு எனக்குச் செய்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பச்சையம்மா யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் மைமூன் பிறந்தபோது என் மனைவி ஜெய்னம்புக்குக் கடுமையான ஜுரம். ஆஸ்பத்திரியில் நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தாள். பால் இல்லை. பசும்பாலை ஊற்றினால் குழந்தை கக்கிவிடுகிறது. பக்கத்துக் கட்டிலில் மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வந்த பெண், ஆண்பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே எழுந்து வந்தாள். "பசிக்கி அழுவுது, இன்னா எல்லாரும் பாத்துகினு கீறீங்க? குடுங்க இங்க" என்று சொல்லிக் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஜெய்னம்பு தேறி எழுகிற வரைக்கும் அவள் மடியில்தான் என் மகள் வளர்ந்தாள்.

நம் மார்க்கத்தில் பால் கொடுத்தவள் தாய். அவள் யாரைக் கும்பிடுகிறாள் என்ற கேள்வியே அதில் இல்லை. அவள் பிள்ளை வேலு என் மகளுக்குக் கூடப் பிறந்தவனுக்குச் சமம். அன்றிலிருந்து பச்சையம்மா எனக்குத் தங்கச்சி, அவள் புருஷன் கன்னியப்பன் எனக்கு மச்சான். பெருநாளைக்கு அவர்கள் வருவார்கள், பொங்கலுக்கு நாங்கள் போவோம்.

கன்னியப்பனின் கட்டுமரத்துக்கு என் கடைக் கயிறுதான். கட்டுமரத்தில் ஆணி கிடையாது. கட்டைகளை வரிசையாக வைத்துத் தென்னைநார்க் கயிற்றால் வரிந்து கட்டினால் அது படகு, அவிழ்த்தால் வெறும் கட்டை. கடலுக்குப் போய் வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். என் மச்சான் கட்டைகளை ஒழுங்காக அடுக்கிவிட்டுக் கயிற்றை மட்டும் மணலிலேயே போட்டுவிட்டு வருவான். என்னால் அதைப் பொறுக்க முடியாது. போகும்போதெல்லாம், "கயித்த வூட்டுக்கு எடுத்தாந்து தொங்கவுடு மச்சான், மக்கிப்போவும்" என்று சொல்வேன். அவன் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிப்பான். உன் அண்ணனுக்குக் கயிற்றின் மேல் இருக்கிற பாசம் நம் மேல் இல்லை என்பான். நான் விட்டால்தானே.

சரி, புயலுக்கு வருகிறேன். பகலெல்லாம் வானம் ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தது. சாயங்காலம் தொடங்கிய காற்று ராத்திரி முழுக்க அடித்தது, விடிந்தும் முழுசாக ஓயவில்லை. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வெளியே வந்து பார்த்தால் எங்கள் தெருவில் பாதி ஓடு தரையில் கிடந்தது. உள்நாட்டில் இருக்கிற எங்களுக்கே இந்தக் கதி. கூரை போன கடையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுக் கடலோரம் போகிறேன் என்று புறப்பட்டேன். ஜெய்னம்பு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"கடை எங்கயும் ஓடிப்போவாது. எம் புள்ளைக்கு ரெண்டு தாயி. ஒருத்தி இங்க கீறேன். இன்னொருத்தி உசுரோட கீறாளான்னு பாத்துட்டு வாங்க."

பன்னும் பேரீச்சம்பழமும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

பஸ் ஓடவில்லை. திருக்கழுக்குன்றம் சாலை முழுக்கப் புளியமரங்கள் விழுந்து கிடந்தன. நான் சைக்கிள் மேல் போனதைவிட சைக்கிள் என் தோள் மேல் போனதுதான் அதிகம். எதிரே வந்தவர்களிடம் கடலோரம் எப்படி என்று கேட்டேன். ஒருத்தர் குப்பங்களில் தண்ணீர் புகுந்துவிட்டது என்றார். அடுத்தவர் குப்பமே இல்லை என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர் மாமல்லபுரமே கடலுக்குள் போய்விட்டது என்றார். இவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவர் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் இன்னும் எட்டி நடை போட்டேன்.

கடலோரத்துக்குப் போக வேண்டுமானால் உப்புத் தோணிகள் போகிற பெரிய கால்வாயைத் தாண்ட வேண்டும். அங்கே போய் நின்றேன். கரை தெரியாமல் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தோணிக்காரர் தோணியைக் கரையேற்றிக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். கெஞ்சிப் பார்த்தேன். இந்தத் தண்ணீரில் இறங்கினால் பிணம்கூடக் கிடைக்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். காற்று நின்றால் பார்க்கலாமாம்.

அந்தத் தண்ணீரிலேயே முகம் கைகால் கழுவி ஒளுச் செய்து, கரைமேட்டில் துண்டை விரித்து நடுப்பகல் லுஹர் தொழுதேன். கையேந்திக் கேட்டேன். யா அல்லாஹ், இந்தக் காற்றை நிறுத்து, என்னை அக்கரை சேர்த்துவிடு என்று கேட்டேன். காற்று நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால் முன்னைவிட வலுத்தது. நான் துண்டை உதறி எழுந்திருக்கும்போது தோணிக்காரர் வடக்கே கையைக் காட்டிக் கூப்பிட்டார். விறகு ஏற்றிய பெரிய தோணி ஒன்று கட்டறுத்துக்கொண்டு வந்து, கால்வாய் திரும்புகிற இடத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பலகை போட்டது போல. அதைத் தள்ளி வந்தது நான் நிறுத்தச் சொன்ன அதே காற்றுதான். தோணிக்காரர் என் கையைப் பிடித்து அதன் மேல் ஏற்றிவிட்டார். சைக்கிளை அவரிடமே விட்டுவிட்டு விறகுக் குவியல் மேல் தவழ்ந்து அக்கரை போய்ச் சேர்ந்தேன்.

கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று. கொடுப்பவனுக்கு வழி தெரியும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

குப்பம் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். இடம்தான் இருந்தது. ஒரு வீடு இல்லை. பனைமரங்கள் சில நின்றன, சில படுத்துக் கிடந்தன. நான் உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்ட வீடு எது என்றுகூட அடையாளம் தெரியவில்லை. ஒருத்தர் மட்டும் மணலைக் கிளறிப் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தார். கன்னியப்பனைப் பற்றிக் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நேத்து மத்தியானம் போன மரம் ஒண்ணுகூட திரும்பல பாயி. ஜனம் ஆளுக்கொரு பக்கமா ஓடிச்சி. கன்னியப்பன நான் கரையில பாக்கல."

அதோடு நான் கடற்கரைப் பக்கம் நடந்தேன். தேடிப் போகவில்லை, கால் இழுத்துக்கொண்டு போனது. அங்கேதான் அதைப் பார்த்தேன். சவுக்குப் புதரில் ஒரு கட்டை செருகிக் கிடந்தது. அதன் தலைப்பில் வேல் குறி. மகன் பிறந்தபோது கன்னியப்பன் சூட்டுக்கோலால் போட்ட குறி அது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று பாதி மணலுக்குள் புதைந்திருந்தது. மூன்றாவது அலையோரத்தில் உருண்டுகொண்டிருந்தது. என் மச்சானின் கட்டுமரம் துண்டு துண்டாகிக் கிடந்தது.

கடலில் இருக்கும்போது உடைந்திருக்கிறது, அவன் போய்விட்டான். என் புத்திக்கு வேறு எதுவும் எட்டவில்லை. மவுத்தாகிவிட்டார் என்று சாவுச் செய்தி கேட்டால், ‘அவனிடமே திரும்பிச் செல்கிறோம்’ என்று நாம் சொல்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஏனோ அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் முடிந்துபோகும் என்று பயம். பச்சையம்மாவை எங்கே தேடுவேன்? ஜெய்னம்பு முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்தக் கட்டையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வெட்கமாக இல்லை. பார்ப்பதற்கும் அங்கே யாரும் இல்லை.

பிற்பகல் அஸர் தொழுகை நேரமாகிவிட்டிருந்தது. புதைந்து கிடந்த கட்டைக்குப் பக்கத்தில் நின்று தொழுதேன். சஜ்தாவில் நெற்றியை மணலில் வைத்துக்கொண்டு, தமிழில்தான் கேட்டேன். அல்லாஹ்வே, என் பிள்ளைக்குப் பால் கொடுத்த வீடு இது. உன் பெயரால் அவர்களை உறவு என்று சொன்னேன். அந்த உறவை நீ முறித்துவிடாதே. இருக்கிறார்களா இல்லையா என்று எனக்கு ஒரு வழி காட்டு.

தலையைத் தூக்கி உட்கார்ந்தேன். கண்ணுக்கு நேராக அந்தக் கட்டையின் நுனி. கயிறு வரிந்து வரிந்து தேய்ந்த பள்ளம் அதில் இருந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தும் என் பார்வை அதை விட்டு நகரவில்லை. பள்ளம் சுத்தமாக இருந்தது. ஒரு நார் இல்லை, ஒரு முடிச்சு இல்லை.

பிறந்ததிலிருந்து கயிற்றோடு கிடக்கிறவன் நான். எழுந்து ஓடினேன். சவுக்குப் புதரில் கிடந்த கட்டையைப் பார்த்தேன், சுத்தம். அலையோரக் கட்டையைப் பார்த்தேன், அதுவும் சுத்தம். கடல் கயிற்றை அறுக்கும், அவிழ்க்காது. அலை அடித்து உடைந்த கட்டுமரம் என்றால் பள்ளத்தில் அறுந்த நார் தொங்க வேண்டும், இறுகிய முடிச்சாவது ஒன்று மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். இந்த மரத்தைப் பிரித்தது கடல் இல்லை, கை. அவன் கடலுக்குப் போகவில்லை. போயிருந்தாலும் புயலுக்கு முன்னால் திரும்பி வந்து, நிதானமாக உட்கார்ந்து அவிழ்த்திருக்கிறான். பிறகு தண்ணீர் ஏறி வந்து வெறும் கட்டைகளை இழுத்துப் போட்டிருக்கிறது. இவ்வளவுதான்.

இத்தனை வருஷம் கயிறு விற்றவன், முதலில் இதைப் பார்க்காமல் கட்டையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன் பாருங்கள். கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. நெற்றியைத் தரையில் வைத்த பிறகுதான் இறைவன் என் கண்ணைத் திறந்தான்.

மச்சான் கரையில் இருந்தான் என்றால் எங்கே போயிருப்பான்? தண்ணீருக்குப் பயந்தவர்கள் மேட்டுக்குத்தான் போவார்கள். அந்தப் பக்கத்தில் மேடு என்றால் மாமல்லபுரத்துப் பாறைக்குன்றுதான். அழுத முகத்தைக்கூடக் கழுவாமல் தெற்கே நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன்.

பாறையைக் குடைந்த மண்டபத்துக்குள் ஜனம் நிறைந்திருந்தது. ஈரத்துணியோடு பெண்களும் பிள்ளைகளும் சுவரோடு ஒண்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருவதற்குள் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, பாப்பா எப்டி கீது? அங்கயும் காத்து அடிச்சிதா?"

வீடு இழந்து, ராத்திரியெல்லாம் நனைந்து, குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிற பச்சையம்மா என் மகளைக் கேட்கிறாள். நான் அவளைத் தேடி வந்தவன், அவள் என்னை விசாரிக்கிறாள். பையிலிருந்த பன்னை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வேலு அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தலைமாட்டில் இருந்தது என் கடைக் கயிற்றுச் சுருள்.

கன்னியப்பன் வெளியே கிழவர் ஒருவரைத் தூக்கி வந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவரை மெதுவாக உட்கார வைத்துவிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். நடந்ததை அவன்தான் சொன்னான். கடல் பொங்கிய தினுசைப் பார்த்து அவன் அன்று போகவில்லை. மரத்தை மேலே இழுத்து அவிழ்த்தான். மழை பிடித்துக்கொண்டதும் கயிற்றை வழக்கம்போல மணலிலேயே போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறான். பாதி வழியில் என் நினைப்பு வந்ததாம். திரும்பிப் போய் எடுத்து வந்து வீட்டில் மாட்டினானாம். இருட்டுகிற நேரத்தில் தண்ணீர் புகுந்தது. கயிற்றின் ஒரு முனையைப் பனைமரத்தில் கட்டி, மறுமுனையோடு அடுத்த மரம் வரைக்கும் அவன் நீந்திப் போய்க் கட்டியிருக்கிறான். பக்கத்து வீட்டு ஜனம் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவராக வந்திருக்கிறார்கள். பிறகு அவிழ்த்து அடுத்த மரம். இப்படியே மேடு வரைக்கும். வேலு அவன் முதுகில்.

"ஒன் தொணதொணப்பு தாங்காமதான் மச்சான் அத்த வூட்டுக்கு எடுத்தாந்தேன். இல்லன்னா கையில ஒண்ணும் இருந்திருக்காது."

அவன் சிரித்தான். நான் அழுதேன். நான் கால்வாய்க் கரையில் கையேந்தியதும் கடற்கரையில் நெற்றியை வைத்ததும் மறுநாள். அதற்கெல்லாம் முன்பே, நான் கேட்காத நேரத்தில், என் வாயிலிருந்து வந்த ஒரு வெட்டிப் பேச்சைப் பிடித்து அத்தனை உயிரையும் கரையேற்றிவிட்டான் இறைவன். பாறையில் அங்கேயே ஷுக்ருடைய சஜ்தா செய்தேன். கிழவர் என்ன என்று கேட்டார். நன்றி சொல்கிறார் என்று பச்சையம்மா அவருக்குச் சொன்னாள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கடலுக்குப் போனவர்களில் சிலர் வேறு கரைகளில் ஒதுங்கித் திரும்பினார்கள். சிலர் திரும்பவே இல்லை. அவர்களுக்காகவும் யாரோ எங்கோ கெஞ்சியிருப்பார்கள். இவர்களுக்கு ஏன், அவர்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. தெரிந்தது போல நடிக்கவும் மாட்டேன். எனக்குக் காட்டப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

புது வீடு எழும்புகிற வரைக்கும் மூவரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். தெருவில் ஒருவர், மீனவக் குடும்பத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். மைமூனின் அம்மா வீட்டார் என்று ஜெய்னம்பு பதில் சொன்னாள். அன்று முதல் என் கடையிலிருந்து போகிற ஒவ்வொரு கயிற்றையும் என் கையால் இழுத்துப் பார்த்து, இதைப் பிடிக்கிறவரைக் காப்பாற்று என்று ஒரு துஆ கேட்டுத்தான் கொடுக்கிறேன். வாங்குபவர்கள் நான் பலம் மட்டும் பார்ப்பதாக நினைக்கிறார்கள்.

சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு நாள் கெட்ட செய்தி வரும். ஆளுக்கு ஆள் அதைப் பெரிதாக்கிச் சொல்வார்கள். நீங்கள் பயப்பட்டபடியே எல்லாம் உடைந்து கிடப்பது போலக் கண்ணுக்கும் தெரியும். அப்போது இறைவனிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். கட்டைகளைப் பார்த்த உடனே மவுத்து என்று சொல்லிவிடாதீர்கள். கயிறு எங்கே என்று ஒரு தடவை தேடுங்கள். அது அந்த நேரத்தில் யாரையாவது கரையேற்றிக்கொண்டிருக்கும்.