இன்னொரு நூறு

இடது கை விசைகளைத் தட்டிக்கொண்டிருக்கிறது. வலது கை நுண்ணோக்கியின் அடியில் இரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்துகிறது. ஐந்து விசை, ஐந்து வகை வெள்ளை அணு. நூறு எண்ணியதும் விசைப்பெட்டி ‘டிங்’ என்கிறது. மற்ற ஆய்வகங்களில் அந்த ஒலியோடு வேலை முடியும். இந்த இரத்தப் பரிசோதகர் மூக்கைச் சுருக்கி, “எதுக்கும் இன்னொரு நூறு” என்று மறுபடி தொடங்குவார். மருத்துவமனை முழுக்க இவருக்கு அதுவே பெயர். முகத்துக்கு நேரே மட்டும் அக்கா.

மூலையில் நிற்கும் இயந்திரம் ஒரே நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எண்ணிவிடும். பணக்காரச் சம்பந்திக்குத் தரும் மரியாதையை அதற்குத் தருகிறார்: முகம் கோணமாட்டார், நம்பவும் மாட்டார். வீட்டிலும் இதே கதைதான். “கடிகாரம் ஒன்பது அடிச்சா, எதுக்கும் இன்னொரு தடவை அடிக்கட்டும்னு சொல்வா” என்பது கணவரின் புகார்.

வெள்ளை அணுக்களில் இவருக்குச் செல்லம் ஈசினோஃபில். சாயம் ஏற்றினால் உடம்பெல்லாம் செம்மணிகள், நடுவே இரட்டை வட்டம். “மூக்குக்கண்ணாடிக்காரங்க” என்பார். உடம்பில் புழு புகுந்தால் திரள்வது இந்தக் கூட்டம்தான். “மத்த அணு கிருமியைப் பிடிச்சு முழுங்கிடும். புழுவை எப்படி முழுங்குறது? பீரோவைத் தூக்குற மாதிரி சுத்தி நின்னு ஆளாளுக்குக் கை வைக்கணும். கை வச்சு, பையில இருக்கிற விஷத்தையெல்லாம் அது மேல கொட்டுவாங்க.” இப்படி வாஞ்சையோடு பேசுகிறவர், மழை நாளில் மண்புழுவுக்குப் பயந்து நடுச்சாலையில் நடப்பார். வண்டிக்காரர்கள் திட்டினால், “வண்டி நெளியாதே!” என்று பதில் வரும்.

போன மாதம் நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் இளைப்போடு வந்து படுத்தார். இருபது வருடம், புழுக்குஞ்சு கால்தோல் வழியே ஏறக்கூடிய ஈரமண்ணில் வெறுங்காலோடு நின்றவர். சாதாரணமாக ஐந்தாறைத் தாண்டாத ஈசினோஃபில், நூற்றுக்கு முப்பத்து நான்கு. இன்னொரு நூற்றில் முப்பத்து மூன்று. நெஞ்சக மருத்துவரோ ஆஸ்துமா என்று முடிவு கட்டி, மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டீராய்டு ஊசி எழுதிவிட்டார். அக்கா எண்ணிக்கைச் சீட்டோடு அவர் அறைக்குப் போய் நின்றார்.

“ஆஸ்துமாவுலயும் ஈசினோஃபில் ஏறும்க்கா. உங்களுக்குத் தெரியாதா?”

“ஏறும். இவ்வளவு கூட்டம் சும்மா சேராது டாக்டர். உள்ள யாரோ இருக்காங்க.”

“மலம் மூணு தடவை பார்த்தாச்சு. புழு இல்லைன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“போட்டேன். வந்தது சுண்டுவிரல் நுனி அளவு. அதுல சிக்கணும்னா புழுவே விலாசம் கேட்டுக்கிட்டு வரணும்.”

மருத்துவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“ஊசி போட்டா என் ஆளுங்க எண்ணிக்கை மடமடன்னு இறங்கிடும். மூச்சும் லேசாகும். நீங்க சந்தோஷப்படுவீங்க. புழுவும் சந்தோஷப்படும், காவல் இல்லாத வீடாச்சே. நுரையீரல், மூளைன்னு கிளம்பிடும். அப்புறம் மனுஷன் தேற மாட்டார்.”

“சரி, பத்து மணிக்குள்ள புழுவைக் காட்டுங்க, நிறுத்துறேன். இல்லாத புழுவுக்காக மூச்சுத் திணறுறவரைக் காக்க வைக்க முடியாது.” அதுவும் நியாயம்தான்.

அன்று மாலை அக்காவே வார்டுக்குப் போனார். “கூச்சப்படாதீங்க, இன்னிக்குத் தாராளமா குடுங்க.”

“இதைக் கேட்டு ஒருத்தர் படியேறி வர்றது இதான்மா முதல் தடவை” என்றார் நாற்றுப்பண்ணைக்காரர், இளைப்புக்கு நடுவே.

புனலில் வெந்நீர், அதன்மேல் துணியில் கட்டிய மலம், அடியில் ரப்பர் குழாய், குழாயை இறுக்கி மூட ஒரு கவ்வி. இளஞ்சூட்டை நாடிப் புழுக்குஞ்சு நீந்தி இறங்கும், இரவுக்குள் குழாயில் வந்து தங்கும். இருந்தால்.

காலை ஏழு மணிக்குக் கவ்வியைத் தளர்த்தினார். முதல் துளியில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் பருத்தி இழை, எட்டாவதில் காற்றுக் குமிழி. ஒன்பதே முக்காலுக்குப் பதினோராவது துளியில், வெளிச்ச வட்டத்தின் ஓரத்தில் ஒரு வால் சொடுக்கியது.

“வாடா என் ராஜா!”

அந்தக் கூச்சலுக்கு எதிர் அறையிலிருந்த மருத்துவரே ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். புழு வட்டத்தை விட்டு நழுவும்போதெல்லாம் அக்காவின் விரல் திருகைத் திருப்பி அதை அவர் கண்ணுக்குள் கொண்டுவந்து விட்டது.

“என்னா ஓட்டம் ஓடுது! அக்கா, இதுக்கு மாத்திரையே போதும். வார்டுக்கு போன் போடுங்க, ஊசியை நிறுத்தட்டும்.”

வார்டு தொலைபேசியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பத்துக்கு ஐந்து நிமிடம். இருவரும் மாடிப்படியில் பாய்ந்தார்கள். முதல் திருப்பத்திலேயே நெஞ்சக மருத்துவருக்கு மூச்சு வாங்கியது. அக்கா முந்திவிட்டார்.

கட்டிலருகே நர்ஸ் பஞ்சால் நோயாளியின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இப்படி ஓடி வர்றீங்க?” என்றார் நாற்றுப்பண்ணைக்காரர்.

“பிடிச்சாச்சுய்யா! உயிரோட பிடிச்சாச்சு!”

“அக்கா, இது டாக்டர் எழுதின ஊசி…” என்று நர்ஸ் இழுத்தார். அக்கா தட்டிலிருந்த, இன்னும் திறக்காத மருந்துக் குப்பியை எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டினார்.