அப்பா சட்டையில் ஒரு முதுகு

அம்மாவின் காரியத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று மாமா கேட்டபோது, படம் தேட வேண்டியதில்லை, என்னிடமே இருக்கிறது என்றேன். சென்னையில் ஒரு மண்டபத்தில் என் பெயரோடு மாட்டியிருந்த படம். பெரிதாகப் போட்டு, கண்ணாடி வைத்து, வீட்டில் வைத்திருந்தேன்.

மாமா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழனியில் குனிந்து நாற்று நடும் ஒரு பெண்ணின் முதுகு. புடவைக்கு மேலே நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. தலையில் சுற்றிய துண்டு. சுற்றிலும் சேறு. முகம் கிடையாது.

"இன்னாம்மா இது? முதுகுக்கா மால போடச் சொல்ற?"

"அம்மா இப்டித்தான இருந்துச்சு மாமா."

"இருந்துச்சு. இல்லன்னு யாரு சொன்னது? வர்றவங்க மூஞ்சிய பார்த்து கும்புடணுமா வேணாவா? படிச்ச பொண்ணு, உனக்கு நான் சொல்லணுமா?"

அவர் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிளக்ஸ் கடைக்குப் போய், சாயங்காலம் வேறொரு படத்தோடு வந்தார். சித்தி மகளின் மஞ்சள் நீராட்டில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அம்மாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தியின் உடம்பு. அரக்கு நிறப் பட்டுப்புடவை, அகலமான ஜரிகைக் கரை, மடியில் கோத்து வைத்த வழவழப்பான கைகள். கடைக்காரர் பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டாராம். வீட்டுக்காரர் போய்விட்டார், வேண்டாம் என்று மாமா சொன்னாராம். காஞ்சிபுரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் அம்மா ஒருநாளும் பட்டு கட்டியதில்லை.

நான் சண்டை போட்டேன். கடைசியில் மாமாவின் படம் கூடத்தில் நடுவிலும், என் படம் அதற்கு எதிர்ச் சுவரிலும் என்று முடிவானது. என்னுடையதுதான் நிஜமான அம்மா என்று எனக்குள் சொல்லிக்கொண்டு ஆணி அடித்து, மாட்டி, மாலையும் போட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எங்கே போனாலும் சொல்வேன். அப்பா நான் பிளஸ் டூ படிக்கும்போது இறந்தார். அதற்குப் பிறகும் அம்மா அவர் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நடவுக்குப் போனாள். நடவுக்குப் போகிற பெண்கள் எல்லோரும் புடவைக்கு மேலே வீட்டு ஆம்பளைகளின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். வெயிலும் சேறும் உடம்பில் படாது. ஒரே உயரம், ஒரே குனிவு, தலையில் ஒரே மாதிரித் துண்டு. வரப்பில் நின்று பார்த்தால் சட்டையை வைத்துத்தான் ஆள் சொல்ல முடியும். நீலக் கட்டம் என்றால் அம்மா. சின்ன வயதில் சோறு எடுத்துக்கொண்டு போகும்போதும் அந்தச் சட்டையைத் தேடித்தான் போவேன். அப்போது அதைப் போட்டிருந்தது அப்பா.

கல்லூரி முடித்து ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து கேமரா வாங்கிய பிறகு, வேலை செய்கிறவர்களைத்தான் எடுத்தேன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் சோற்றுக்கு, இது எனக்கு. சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கரைவலை இழுக்கிறவர்களை எடுக்கப் போனேன். கயிற்றை இடுப்பில் கொடுத்து, கடலைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து இழுத்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன்.

"ஏம்மா, மூஞ்ச எடு. முதுக எடுத்து இன்னா பண்ணப் போற?" என்றார் ஒருவர்.

"மூஞ்சி நல்லா இல்லன்னு பாப்பா நாசூக்கா சொல்லுது, வுடு" என்றார் அவருக்கு அடுத்தவர். கயிறே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள்.

அங்கே நிற்கும்போதுதான், எங்கள் ஊர் நடவுப் பெண்களும் இப்படிப் பின்னால் நடந்தபடியேதான் நடுகிறார்கள் என்பது மனதில் பட்டது. முன்னால் இருப்பது செய்து முடித்த வேலை, போகிற இடம் முதுகுப் பக்கம். அந்தத் தை மாத நவரைப் பட்டத்தில் திருப்புலிவனம் பக்கம் அம்மாவின் செட்டு நட்டுக்கொண்டிருந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வரப்புக்குப் போனேன். வெயில் சாய்ந்திருந்தது. நீலக் கட்டம் கண்ணில் பட்டதும் தூரத்திலிருந்தே எடுத்துவிட்டு, கூப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

சென்னையில் சிலர் சேர்ந்து வைத்த கண்காட்சியில் என் கடற்கரைப் படங்களோடு அதையும் மாட்டினார்கள். அம்மாவை அழைத்துப் போனேன். வந்தவர்கள் எல்லோரிடமும், "இது எங்கம்மா. இதோ, இவங்கதான்" என்று சொன்னேன். படத்துக்குப் பக்கத்தில் அம்மாவை நிறுத்தி அவர்கள் போனில் படம் பிடித்தார்கள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கூட்டம் குறைந்ததும் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா கீது" என்றாள். பிறகு, "படத்துல சட்ட நல்லா வுயுந்து கீது" என்றாள்.

அடுத்த வருடமே போய்விட்டாள். கழனியிலிருந்து வந்து, கை கால் கழுவி, காப்பி போடு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவள். நான் டம்ளரோடு வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தாள்.

காரியத்தன்று நடவுச் செட்டுப் பெண்கள் ஒன்றாக வந்தார்கள். முதலில் மாமாவின் படத்துக்கு முன்னால் நின்றார்கள்.

"அடியே, பட்டு கட்டிக்கினு கீறாடி! எங்க கைல ஒரு வார்த்த சொல்லாம எங்கடி போயி கட்டிக்கின?" என்று ஒருத்தி படத்தைப் பார்த்துக் கேட்டாள். சிரிப்பாகத் தொடங்கிய குரல் பாதியில் உடைந்து எல்லோரும் அழுதார்கள்.

நான் அவர்களை எதிர்ச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அவர்களுக்குத்தான் இந்தப் படம் புரியும் என்று காத்திருந்தேன். அவர்களில் பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்து, "ஏ, இது..." என்று தொடங்கினாள். பக்கத்துத் தெரு அத்தை, அம்மாவோடு எப்போதும் ஒன்றாக வேலைக்குப் போகிறவள், அவள் கையை அழுத்தியது எனக்குத் தெரிந்தது.

"இன்னா அத்த?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

"சொல்லேன்டி" என்றாள் பெரியவள். "மால வேற போட்டு வச்சிக்கீது. உசுரோட கீறவளுக்கு மால போட்டா ஆவுமா?"

அத்தை கீழே உட்கார்ந்துவிட்டாள். "அது நான் கண்ணு. உங்கம்மா இல்ல."

நான் படம் எடுத்ததற்கு முதல் நாள் அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்து அத்தையின் முன்கை வெந்துவிட்டதாம். அத்தையிடம் இருந்தது அரைக்கைச் சட்டை. நாற்றின் இலை உரசி, சேறு பட்டு, எரிச்சல் தாங்காமல் இருந்தாளாம்.

"உங்கம்மா பம்புசெட்டு ரூம்புக்கு இட்டுக்கினு போயி, தன் சட்டைய கயிட்டி எனக்கு மாட்டிவுட்டா. எங்க வூட்டு ஆளோட பச்ச சட்டைய அவ போட்டுக்கினா. அன்னிக்கித்தான் நீ வந்து எடுத்த."

"அம்மாவுக்குத் தெரியுமா? படத்துல இருக்கறது நீன்னு?"

"தெரியாம? மெட்ராசு போயிட்டு வந்த அன்னிக்கே எங்கிட்ட சொல்லி சிரிச்சா. உன் முதுகு மெட்ராச பார்த்துட்டு வந்துச்சுடின்னா. பாப்பா கைல சொல்லிடுன்னு நான் சொன்னேன். வேணாண்டி, வர்றவங்க போறவங்கள எல்லாம் கைய புடிச்சி இஸ்துக்கினு வந்து எங்கம்மா எங்கம்மான்னு காட்டுது, அந்த மூஞ்சிய பார்த்துட்டு எப்டி சொல்றதுன்னா."

நான் மாலையைக் கழற்றினேன். பிறகு உள்ளே போய் கம்ப்யூட்டரில் அன்றைக்கு எடுத்த படத்தைத் திறந்தேன். கண்காட்சிக்குக் கொடுத்தது வெட்டிய படம். முழுப் படம் கொஞ்சம் அகலம். இடது ஓரம் கண்ணை உறுத்துகிறது என்று நான்தான் வெட்டியிருந்தேன்.

அந்த ஓரத்தில் ஒரு பச்சைச் சட்டை இருந்தது. பாதி முதுகு. மீதி பாதியும் தலையும் படத்துக்கு வெளியே. ஒரு கை மட்டும் உள்ளே நீண்டு, நீலக் கட்டச் சட்டைக்காரியின் பக்கம் ஒரு கட்டு நாற்றை நீட்டிக்கொண்டிருந்தது. கையைப் பெரிதாக்கினேன். கட்டை விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. நட்டு நட்டு நகக்கண் புண்ணாகிவிடும் என்று, என் கல்லூரித் துப்பட்டாவைக் கிழித்து நானே கொடுத்த துணி. அதன் ஓரத்து ஊதாப் பட்டை சேற்றுக்குள்ளும் தெரிந்தது.

"தோ, இதான் உங்கம்மா" என்றாள் என் தோளுக்குப் பின்னால் நின்ற அத்தை. "எனக்கு முடியலன்னு எனக்கும் சேத்து அவளே கட்டு எடுத்துக் குடுத்துக்கினு இருந்தா."

அம்மா நடவுக்குப் போன காலமெல்லாம் எடுத்த மற்றப் படங்களையும் அன்று அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். அவற்றிலும் குனிந்த முதுகுகள்தான். சட்டை மாறிய நாள் வேறு உண்டா என்று கேட்டேன். அடிக்கடி மாற்றிக்கொள்வோம், எந்த நாள் எது என்று யாருக்கு ஞாபகம் என்றார்கள். நிச்சயமாகச் சொல்ல முடிந்தது இந்த ஒன்றை மட்டும்தான்.

இப்போது அந்தச் சுவரில் முழுப் படம் இருக்கிறது. நடுவில் அப்பாவின் சட்டையில் அத்தை. மாமாவின் பட்டுப்புடவைப் படம் எதிரில் அப்படியே இருக்கிறது. நான் அதைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் நடுவில் இருக்கும் முதுகைக் காட்டி, இது உங்க அம்மாவா என்று கேட்பார்கள். இல்லை, இதோ என்று நான் ஓரத்தைக் காட்டுவேன்.

"பாதிதான் தெரியுறாங்க" என்பார்கள்.

"ஆமா" என்பேன்.